ஜெபிக்கும்போதே கெட்ட எண்ணம் வருகிறதே, நான் விசுவாசிதானா?

"ஜெபிக்க முழங்கால் போட்டால்கூட அசிங்கமான எண்ணங்களும் தேவனைத் தூஷிக்கிற வார்த்தைகளும் மனதில் ஓடுகின்றன. 'எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்' என்று நீதிமொழிகள் 4:23 சொல்கிறது. என்னால் முடியவில்லையே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணம் வந்ததா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். வந்ததை உட்காரவைத்துச் சோறு போட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். சாத்தான் மூன்று தரம் சோதித்தபோது "தாழக் குதியும்" என்ற பேச்சு இயேசுவின் காதிலும் விழுந்தது. விழுந்ததால் அவர் பாவியாகவில்லை. மூன்று தரமும் உபாகமத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துச் சொல்லி அதை அனுப்பிவிட்டார்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்ற துறவி இருந்தார். மனிதனைத் தொந்தரவு செய்யும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தவர் அவர். பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. பிற்காலத்தில் ஏழு பெரும் பாவங்கள் என்று வந்த பட்டியலுக்கு இதுதான் வேர். எண்ணங்கள் நம்மை அலைக்கழிப்பது நம் கையில் இல்லை, அவை தங்குவதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது என்று அவர் எழுதினார். இயேசு வனாந்தரத்தில் செய்ததையே மாதிரியாக வைத்து, இன்ன எண்ணம் வந்தால் இன்ன வசனத்தைச் சொல் என்று ஏறக்குறைய 500 வசனங்களைத் தொகுத்தும் வைத்தார். பாலைவனத்தில் தனியே ஜெபித்தவர்களுக்கே இத்தனை தேவைப்பட்டிருக்கிறது!

தூஷண வார்த்தைகள் விஷயத்தில் ஆங்கிலப் போதகர் ஜான் பன்யனை நினைத்துக்கொள்ளுங்கள். வாலிபத்தில் அவருக்கு "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஒரே எண்ணம் ஒரு வருஷமளவும் வந்துகொண்டே இருந்தது. மாட்டேன், ஆயிரமாயிரம் உலகங்களைக் கொடுத்தாலும் மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார். சாப்பாட்டில் உட்கார்ந்தால், எழுந்துபோய் ஜெபி என்று மனம் விரட்டும். அந்த வேதனை தெரிந்ததால்தான், 1678இல் வெளியான மோட்ச பிரயாணம் என்ற கதையில் இந்தக் காட்சியை அவரால் எழுத முடிந்தது. மரண இருளின் பள்ளத்தாக்கில் ஒரு பிசாசு கதாநாயகன் கிறிஸ்தியானின் பின்னால் மெதுவாக வந்து தூஷண வார்த்தைகளைக் காதில் ஓதுகிறது. அவனோ அவை தன் மனதிலிருந்தே வருகின்றன என்று நம்பிக் கலங்குகிறான். நம் திருநெல்வேலிக்காரர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தமிழில் காவியமாக்கியது இந்தக் கதையைத்தான். நீங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தைகள் உங்களுக்கு வலிக்கின்றன என்பதே அவை உங்கள் குரல் இல்லை என்பதற்குச் சாட்சி.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த எண்ணங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்து, ஜெபத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைத்தால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபிக்கிறோம், இல்லையா?

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் காவலைக் கோட்டைவிட்டது வேறு இடத்தில். அசிங்கமான எண்ணம் வந்தால் பயந்து கதவைச் சாத்திவிடுவோம். நியாயத்தின் உடுப்பில் வருகிற எண்ணத்தைத்தான் "வாங்க, உட்காருங்க" என்போம்.

அம்மா இறந்தபின் அவர்களுடைய இரட்டைவடச் சங்கிலியை மதினி எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தருவதாக அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னது. நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அதனால் மன்னித்துவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அடிப்பிடித்த இட்லிப் பானையைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து, "யாருகூடம்மா பேசுற?" என்றாள். என் உதடு அசைந்துகொண்டிருந்திருக்கிறது. மதினியை நிற்கவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவர்கள் பதிலையும் நானே சொல்லி, அதற்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தேன். பானை எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது, நான்தான் நிறுத்தவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் பாத்திரம் தேய்க்கிற நேரம் இந்த வழக்கு நடந்திருக்கிறது. எந்த ஞாயிறும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. எங்கள் சிஎஸ்ஐ சபையில் திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்திலேயே எங்கள் இருதய சிந்தைகளைச் சுத்திகரியும் என்று கேட்கிறோம். அதையும் வாய் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

தம்பிமேல் எரிச்சலாயிருந்த காயீனிடம் கர்த்தர் சொன்னது அன்றுதான் எனக்கு உறைத்தது. "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." நான் அதை வாசற்படியில்கூட விடவில்லை, அடுக்களை வரைக்கும் கூட்டிவந்திருந்தேன்.

நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன். நடக்கவில்லை. வீட்டைப் பெருக்கிக் காலியாக வைத்தால் போன ஆவி இன்னும் ஏழைக் கூட்டிக்கொண்டு வரும் என்று மத்தேயு 12இல் இருக்கிறதே, அப்படித்தான் ஆனது. பிறகு பிலிப்பியர் 4ஐ நிதானமாகப் படித்தேன். தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் "காத்துக்கொள்ளும்" என்கிற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் படைவீரர் காவல் நிற்பதைச் சொல்வது. தமஸ்குவில் தன்னைப் பிடிக்க நகரத்தைக் காவல் வைத்ததைச் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். பிலிப்பியோ பழைய ரோமப் போர்வீரர்களைக் குடியேற்றிய பட்டணம். காவல் என்றால் என்னவென்று அந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே காவல் நிற்பது யார் என்று பாருங்கள். தேவசமாதானம். நம் வேலை அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. மனதில் உள்ளதை ஸ்தோத்திரத்தோடு அவரிடம் சொல்லிவிடுவது.

அதனால் வழக்கை அவரிடம் மாற்றிவிட்டேன். "ஆண்டவரே, சங்கிலி ஞாபகம் வந்துவிட்டது, வலிக்கிறது. மதினிக்கு மூட்டு வலி, அவர்களைச் சுகமாக்கும்" என்று இரண்டே வரி. முதல் வாரம் வாய்தான் சொன்னது, மனசு சொல்லவில்லை. அப்புறம் ஒரு சங்கீதம். குழாயடிச் சுவரில் 103ஐ எழுதி ஒட்டினேன். தண்ணீர் பட்டு இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது தாள் தேவைப்படவில்லை, அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. உங்களுக்கும் இதையே சொல்வேன். எண்ணம் வந்ததும் பதறி அதோடு வாதாடாதீர்கள். அவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடருங்கள்.

இந்த வருஷம் சபையின் அசன விருந்துக்கு மதினி அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பார்த்ததும் நெஞ்சில் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். பந்தியில் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். கீழே உட்கார முட்டி மடங்காமல் சிரமப்பட்டார்கள். கையைக் கொடுத்தேன்.