டிஸ்க் விலகலுக்கு ராணுவ டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்குமா? மெடிக்கல் போர்டில் 'நானா' போட்டுவிட்டார்கள், அப்பீல் செய்து பயன் உண்டா?

உண்டு. எனக்குக் கிடைக்க ஐந்து வருடம் ஆனது.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி: இடுப்பு டிஸ்க் விலகல், ஊனம் 20 சதவீதம், 'நானா'. மீதியை நானே சொல்கிறேன், சரியா பாருங்கள். வலி ஆரம்பித்தது மலையில். யாரிடமும் சொல்லவில்லை. பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது எல்லையை விட்டு அமைதியான ஊருக்கு, வந்து குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருக்கும்போது ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல்தான் ரிப்போர்ட் சிக் என்று டாக்டரிடம் போனீர்கள். அப்படித்தானே?

ராணுவத்தில் இல்லாதவர்களுக்காக: 'நானா' என்பது ஆங்கில எழுத்து நான்கு. இந்த வியாதி பணியால் வரவும் இல்லை, பணியால் கூடவும் இல்லை என்று மெடிக்கல் போர்டு போடுகிற முத்திரை. இது யாரால் வந்தது என்று கேட்டால் "நானா?" என்று சர்க்கார் கையை விரிக்கிறது என்பான் என் பேட்ச்காரன் ஒருவன்.

நான் ஏ.எஸ்.சி. (ஆர்மி சர்வீஸ் கோர்) டிரைவர். 1994-ல் சேர்ந்தேன், 2018-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். ஓட்டியது ஸ்டாலியன், நம் அசோக் லேலண்ட் வண்டிதான். ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலையில் ஜோஜிலா கணவாய், 11,500 அடிக்கு மேல். ஓட்டி ஓட்டித்தான் முதுகு போனது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓட்டுவதாவது உட்கார்ந்து செய்கிற வேலை. பனியில் டயருக்குச் செயின் மாட்டிப் பார்த்தால் தெரியும். சங்கிலியைத் தோளில் தூக்கிவந்து பனிமேல் விரித்து, வண்டியை அதன்மேல் ஓரடி உருட்டச் சொல்லி, மண்டிபோட்டு டயரின் உள்பக்கம் கையை விட்டுக் கொக்கியை மாட்ட வேண்டும். கையுறையோடு கொக்கி அகப்படாது. கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டும். 2006 நவம்பரில் அப்படிக் குனிந்து கிடந்தபோது இடுப்பில் சடக்கென்றது. இடது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது.

கூட வந்த கட்வாலிப் பையன் என் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டான். திராஸ் வரை அப்படியே ஓட்டினேன். எம்.ஐ. ரூமுக்கு, டாக்டர் பார்க்கிற இடத்துக்கு, போ என்றார் சூபேதார் சாப். நான் போகவில்லை. மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) விழுந்தால் ஹவில்தார் ப்ரமோஷன் போய்விடும் என்ற பயம். அதோடு, 'மதராஸி வலிக்கு அழுகிறான்' என்று பேர் வரக்கூடாது என்ற வீம்பு. ரெண்டு புரூஃபன் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அந்த வீம்புக்கு நான் கொடுத்த விலைதான் இந்தப் பதில் முழுக்க.

2009-ல் ஒரு பீஸ் ஸ்டேஷனில் குழாயடியில் பக்கெட்டைத் தூக்கியவன் அப்படியே சரிந்தேன். ஆஸ்பத்திரி, எம்.ஆர்.ஐ., நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுக்கம். பேப்பரில் முதல் தடவையாக என் முதுகு ஏறியது அன்றுதான்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் ரிலீஸ் மெடிக்கல் போர்டு. அந்தப் படிவத்தின் முதல் பகுதி நம் வாக்குமூலம். எங்கெங்கே இருந்தாய், ஃபீல்டா (எல்லைப் பகுதியா) பீஸா. வியாதி முதலில் எப்போது, எங்கே தொடங்கியது. அதற்குக் காரணமான சம்பவம் ஏதாவது உண்டா. தொடங்கிய இடம் என்ற கட்டத்தில் அந்தப் பீஸ் ஸ்டேஷன் பெயரை எழுதினார் கிளார்க். சம்பவம் என்ற இடத்தில் 'நில்' என்று எழுதினார். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் பென்ஷனும் அங்கேயே நின்றது. 20 சதவீதம், ஆயுள் முழுக்க, 'நானா'. காரணம் ஒன்றரை வரி: உடல்வாகால் வருவது, பீஸில் தொடங்கியது.

ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட்டேன். நிராகரித்தார்கள். இரண்டாவது அப்பீலுக்கு வந்த பதிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். 2020-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனேன். வக்கீல் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை: சேரும்போது உடம்பில் குறை என்று எழுதி வைக்கவில்லை என்றால், பின்னால் வந்த வியாதி பணியில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது சிப்பாய் அல்ல. இன்னொன்று என்னிடமே இருந்தது. 'நில்' எழுதிய அதே கிளார்க் அதே படிவத்தில் என் ஒன்பது வருட ஃபீல்டு சர்வீஸையும் தேதியோடு எழுதியிருந்தார். பணியால் வியாதி கூடியது என்று 2023-ல் உத்தரவு வந்தது.

20 சதவீதம் என்றால் 20 என்று நினைக்காதீர்கள். அதை 50 ஆக்கிக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-லேயே முடிந்துவிட்டது. நூறு சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்றால் 20-க்கு 2,400 ரூபாய், 50-க்கு 6,000. சர்வீஸ் பென்ஷனுக்கு மேலே இது. தள்ளிப்போடவும் கூடாது. 2005-ல் வந்த என் நண்பர் 2019-ல்தான் கேஸ் போட்டார். ஜெயித்தும் மூன்று வருட அரியர்தான்.

"முதுகுவலி என்று நடித்தால் யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் கட்டாயம் கமெண்ட் போடுவார். நடிப்பவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் எம்.ஆர்.ஐ. நடிக்காது, அவ்வளவுதான். ஊரில் மட்டும் என்ன? இத்தனை வருடத்தில் ஒரு சொந்தக்காரன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. "மாமா, இந்த மாசம் கோட்டா வாங்கியாச்சா?" என்றுதான் கேட்கிறான், மிலிட்டரி கேன்டீன் சரக்கைப் பற்றி. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு என் கேன்டீன் கார்டில் ரம் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியை மாடி வரைக்கும் நானே தூக்கிவரவும் சொன்னான், மாப்பிள்ளையின் அண்ணன். மிலிட்டரிக்காரர் உடம்பாம். காசு இன்னும் வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

என் கதையை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 21.9.2023-க்குப் பிறகு வந்தவர் என்றால் உங்களுக்குப் புது விதி, தரம்வீர் சிங் மட்டும் போதாது. இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகள், அடிபட்டால் அன்றைக்கே இஞ்சுரி ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள். வீம்பு வேண்டாம்.

போர்டு பேப்பர் காப்பி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். வந்ததும் வியாதி தொடங்கிய இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள். ஆர்மி நம்பரைப் போடாதீர்கள்.