கருப்பு பம்பரில் காய்ந்த வேக்ஸ்

வண்டிக்கு வேக்ஸ் போடும்போது கருப்பு பிளாஸ்டிக் பம்பரிலும் பட்டு வெள்ளையாகக் காய்ந்துவிட்டது, ஷாம்பூவுக்கும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள் நண்பரே, பிளாஸ்டிக் கெடவில்லை. சொரசொரப்பான பரப்பின் குழிகளுக்குள் வேக்ஸ் இறங்கிவிட்டது. துணி மேடுகளை மட்டும்தான் தொடுகிறது. பிரஷ் இல்லாமல் இது போகாது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (துடைக்கப் பயன்படும் ஒரு வகை ஆல்கஹால்) வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பெயிண்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணில் படாத மூலையில் முதலில் சோதியுங்கள். நிழலில் நிறுத்தி, ஒரு சாண் இடமாக எடுத்து, அந்தக் கலவையில் நனைத்த மென்மையான டூத்பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் தேயுங்கள். வெள்ளையாகக் கரைந்து வரும். அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விட்டால் அதே குழிக்குள் திரும்பிப் படியும். பெரும்பாலும் இங்கேதான் வேலை கெடுகிறது.

பிடிவாதமான திட்டுகளுக்கு ஹேர் டிரையர் காட்டி, இளகியதும் தேயுங்கள். பல கார் வேக்ஸ்களில் சேரும் கார்னாபா என்ற பனை மெழுகு உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அதனால் வெந்நீரை நம்ப வேண்டாம். ஹீட் கன் (டிரையரைவிடப் பல மடங்கு சூடான காற்றை ஊதும் கருவி) மட்டும் கூடவே கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். தின்னர், பெட்ரோலும் வேண்டாம்.

கடலை வெண்ணெய் தடவச் சொல்வார்கள். எண்ணெய் வேக்ஸை இளக்குவது உண்மைதான், ஆனால் அந்தப் பிசுக்கைக் கழுவுவது தனி வேலை. டயர் பாலிஷ் கறையை மறைக்கும், அவ்வளவுதான். நாலு மழையில் மறுபடி தெரியும்.