ஜப்பானியர் அமெரிக்கராகவும் அமெரிக்கர் ஜப்பானியராகவும் வேஷம் கட்டிச் சிரிக்க வைப்பதை ரசிக்கலாமா, கேலி என்று ஒதுக்க வேண்டுமா?

நான் ஆறு வருடம் டோக்கியோவில், நிஷி கசாய் பக்கம் குடியிருந்து வேலை பார்த்தவன். மொழி பழகுவதற்காக டிவி பார்க்க ஆரம்பித்து, கடைசியில் மொழியை விடக் காமெடியர்களை நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதை வைத்துச் சொல்கிறேன்: காதால் பிடித்துக்கொண்டு வந்து செய்தால் ரசிப்பேன், மேக்கப் பெட்டியை மட்டும் நம்பிச் செய்தால் எனக்கு ஒட்டாது.

நம் பலகுரல் மாதிரி அங்கே மோனோமானே என்று ஒரு தனிக் கலையே இருக்கிறது. அதில் பெரிய கை கொரொக்கே. மேடைப் பெயருக்கு உருளைக்கிழங்கு கட்லெட் என்று அர்த்தம்! மார்க்கெட் போயிருந்த மிகாவா கெனிச்சி என்ற பாடகரை இவர் முகத்தைக் கோணி, தோளை ஆட்டிச் செய்து காட்டப்போக, அந்தப் பாடகருக்கே மறுவாழ்வு வந்தது. போலி பாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அசல் ஆள் மைக்கோடு நடந்து வருவது இந்த நிகழ்ச்சிகளில் வாடிக்கை. கேலி செய்யப்பட்டவருக்கும் மேடையில் பங்கு உண்டு.

வெளிநாட்டுக்காரரைச் செய்வதில் என் ஆள் தமோரி. 1945இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். மொரிதா என்ற குடும்பப் பெயரை முன்பின்னாகப் புரட்டி வைத்துக்கொண்ட பெயர்தான் தமோரி. 1972 வாக்கில் ஜாஸ் பியானோ கலைஞர் யமாஷிதா யோசுகேயின் குழு ஃபுகுவோகாவில் ஒரு ஹோட்டல் அறையில் குடித்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு, யாரென்றே தெரியாத இந்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். குழுவின் சாக்ஸபோன்காரர் அவரைக் கொரிய மொழி போல வாயில் வந்ததைச் சொல்லித் திட்ட, இவர் அதைவிடச் சரளமான பொய்க் கொரியத்தில் பதிலுக்கு வெளுத்து வாங்கினாராம். அங்கே பிறந்தது அவர் தொழில். பிற்பாடு அவர் செய்த ‘நாலு நாட்டு மாஜோங்’ பிரசித்தம். மாஜோங் என்பது நாலு பேர் உட்கார்ந்து ஆடும் சீன ஆட்டம். ஒரே மேஜையில் நாலு நாட்டுக்காரர்கள் மாஜோங் ஆடி, சண்டை வந்து, ஆளாளுக்குத் தம் மொழியில் கத்துவார்கள். நாலும் அவரே. ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் கிடையாது, ஆனால் எது எந்த மொழி என்று யாருக்கும் சந்தேகம் வராது.

அமெரிக்காவில் இதே வித்தையை அவருக்கு முன்பே செய்தவர் காமெடி நடிகர் சிட் சீசர். நியூயார்க் பக்கத்து யாங்கர்ஸ் ஊரில் அப்பாவின் சாப்பாட்டுக் கடை. மேஜைக்கு ஒரு மொழி பேசிய குடியேறிகளுக்கு நடுவில் தட்டு எடுத்துக்கொண்டே, பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்ட பையன். 1950களின் டிவியில் பொய் ஜெர்மன், பொய் பிரெஞ்சு எல்லாம் கொட்டினார்.

அமெரிக்கக் காமெடி நடிகர் ஜான் பெலூஷியின் சாமுராய் (பழைய ஜப்பானியப் போர்வீரர்) வேஷத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. 1975 டிசம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் குடுமியும் வாளுமாக வந்து ஹோட்டல் வேலை பார்த்தார். அப்புறம் அதே சாமுராய் சாண்ட்விச் கடையும் நடத்தினார். பேச்சு முழுக்க உறுமல்தான். ஆனால் அவர் செய்தது ‘ஒரு ஜப்பான்காரனை’ அல்ல, தோஷிரோ மிஃபூனே என்ற ஒரே ஒரு நடிகரை. அந்தப் பிடரிச் சொறிதலும் புருவ நெரிப்பும் மிஃபூனேயை உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் வரும். அதனால் மன்னித்துவிடுகிறேன். 1976இல் வாள் நிஜமாகவே பக் ஹென்றியின் நெற்றியைக் கிழித்தது, அவர் கட்டுப்போட்டுக்கொண்டு மீதி நிகழ்ச்சியை நடத்தினார் என்பது தனிக் கதை. 1979இல் ஸ்பீல்பெர்க் படம் ஒன்றில் பெலூஷியும் மிஃபூனேயும் இருவருமே நடித்தார்கள்.

சரி, மேக்கப் பெட்டிக்கு வருவோம். 2017 டிசம்பர் 31 இரவு. புத்தாண்டுக்கு முன்னிரவில் சிரித்தால் பின்புறத்தில் அடி விழும் அந்தப் பிரபல நிகழ்ச்சியை நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். காமெடி நடிகர் ஹமாதா மசாதோஷி முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு, அமெரிக்கக் கருப்பின நடிகர் எடி மர்ஃபியாக வந்து நின்றார். எனக்கும் முதலில் சிரிப்பு வந்துவிட்டது, மறைப்பானேன். ஆனால் அந்தக் குரல், அந்தச் சிரிப்பு எதையும் அவர் தொடவே இல்லை. நிறம்தான் நகைச்சுவை. ஜப்பானில் வாழும் கருப்பின எழுத்தாளர் பே மெக்நீல் எதிர்த்து எழுத, பெரிய விவாதமானது. அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கருப்பர்களைக் கேலி செய்த வரலாறே எங்களுக்குத் தெரியாது என்று பலர் வாதாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1854இல் அமெரிக்கக் கடற்படையின் கமடோர் பெர்ரி ஜப்பானோடு ஒப்பந்தம் போட வந்தபோது, பவ்ஹட்டன் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து கொடுத்து, மாலுமிகளை முகத்தில் கரி பூசி ஆடவைத்திருக்கிறார். ஜப்பானுக்கு அந்தச் சாயத்தைக் காட்டியதே அமெரிக்கர்கள்தான்.

இது எனக்கு வெறும் டிவி விஷயம் இல்லை. ஒரு வருடம் எங்கள் ஆபீஸ் ஆண்டு இறுதி விருந்தில் ஒருவர் கடையில் விற்கும் தலைப்பாகையும் ஒட்டு மீசையும் வைத்துக்கொண்டு வந்து ‘இந்தியன்’ என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பல்லைக் காட்டிவிட்டு எடமாமேயை (வேகவைத்த பச்சை சோயாக் காயை) உரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே, இரண்டு பீருக்கு அப்புறம், என் பக்கத்து சீட்டு சீனியர் எழுந்தார். தினம் மதியம் நான் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர். இல்லாத போனைக் காதில் வைத்து, சத்தமாக ஆரம்பித்து, நடுவில் ‘ம்ம்... ம்ம்...’ என்று இழுத்து, ஏதோ டகர ழகரமாக உருட்டி, கடைசியில் ‘சரி, சரி, சரிசரிசரி’ என்று வேகம் கூட்டி வைத்தார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். நான் அப்படித்தான் போனை வைக்கிறேன் என்பது எனக்கே அதுவரை தெரியாது.

உடனே அம்மாவுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அரை நிமிடம் அதே தமிழில் பொரிந்து தள்ளிவிட்டு என்னிடம் நீட்டினார். “லைன் சரியில்லடா, விட்டு விட்டு வருது” என்றாள் அம்மா. “யாரு, நம்ம குமார் மாமாவா?”