சர்ச்சிலிடம் 'முடியாது' என்றவர்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தலைமை வகித்த ஆலன் புரூக், போரின் பெரும்பகுதியை லண்டனில் மேசை முன் கழித்தவர், சர்ச்சில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர். பீரங்கிப் படையிலிருந்து வந்த அவருக்கு ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் எதற்காகக் கொடுக்கப்பட்டது?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேசை முன் இருந்தார் என்பது உண்மை. தலையாட்டினார் என்பதை ஏற்க மாட்டேன்.

ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட பிரெஞ்சுத் துறைமுகமான டன்கிர்க்கிலிருந்து திரும்பி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் மீண்டும் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட புரூக்கை, 1940 ஜூன் 14 அன்று சர்ச்சில் தொலைபேசியில் அழைத்தார். பிரிட்டன் துணை நிற்கிறது என்ற உணர்வைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊட்ட வேண்டும், ஆகவே படைகளைத் திருப்பி அழைக்கக் கூடாது என்பது பிரதமரின் வாதம். பிரெஞ்சு ராணுவம் செத்துவிட்டது, பிணத்துக்கு உணர்வூட்ட முடியாது என்பது புரூக்கின் பதில். சரியாகக் கேட்காத அந்த இணைப்பில் ஏறக்குறைய அரை மணி நேரம் வாதாடி, இறுதியில் சர்ச்சிலை இணங்க வைத்தார். பிரான்சின் மேற்குத் துறைமுகங்கள் வழியாக 1,40,000-க்கும் அதிகமான பிரிட்டிஷ் வீரர்கள் உயிரோடு நாடு திரும்பினார்கள். தலையாட்டுகிறவர் செய்யும் காரியமா இது?

'பீரங்கிப் படையிலிருந்து வந்தவர்' என்று நீங்கள் குறையாகச் சொல்வதுதான், என் கருத்தில், அவரை உருவாக்கியது. உல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று 1902-இல் படையில் சேர்ந்து, இந்தியாவில் பணியாற்றி, 1914-இல் செகந்திராபாத் குதிரைப்படைப் பிரிகேடின் வெடிமருந்து அணியோடு பிரான்சுக்குப் போனவர் அவர். 1917 ஏப்ரலில் வட பிரான்சில் ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த விமி மேட்டைக் கனடாப் படை தாக்கியபோது, பீரங்கித் திட்டத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்களிடம் கற்று அவர் செம்மைப்படுத்திய முறையின்படி, குண்டுகள் திரைபோல ஒரே வரிசையில் விழும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் திரை நூறு கெஜம் முன்னே நகரும். காலாட்படை அதன் பின்னாலேயே நடக்கும். கணக்கு சற்றுப் பிசகினால் குண்டுகள் சொந்த வீரர்கள் தலையில் விழும், அல்லது எதிரி பதுங்குகுழியிலிருந்து வெளியேறித் துப்பாக்கியை நிமிர்த்த அவகாசம் கிடைத்துவிடும். தூரத்தையும் நேரத்தையும் இப்படி அளந்து பழகியவர், 1942-இலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சைத் தாக்கலாம் என்ற அமெரிக்க யோசனையை, கப்பலும் படையும் போதாது என்று கடைசிவரை எதிர்த்ததில் வியப்பில்லை. அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த ஆகஸ்டில் பிரான்சின் தியப் கடற்கரையில் இறங்கித் தாக்கி மடிந்த கனடா வீரர்களே சாட்சி.

அமெரிக்கத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலின் திறமையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அவருடைய நாட்குறிப்புகளே அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

போர்க்களத் தலைமை அவரைத் தேடி வராமலும் இல்லை. 1942 ஆகஸ்டில் கெய்ரோவில் சர்ச்சில் மத்தியக் கிழக்குத் தலைமையைக் கொடுக்க முன்வந்தபோது, தாம் விலகினால் பிரதமரின் அவசரத் திட்டங்களைத் தடுக்க லண்டனில் ஆள் இருக்காது என்று மறுத்தார். அதனால் எகிப்தின் எல் அலமெய்னில் கிடைத்த வெற்றியின் புகழ், அங்கே தலைமை ஏற்ற அலெக்சாண்டருக்கும் அவருக்குக் கீழ்ப் படை நடத்திய மான்ட்கோமரிக்கும் போயிற்று. பிரான்ஸ் படையெடுப்பின் தலைமையைத் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்த சர்ச்சில், அது அமெரிக்கருக்கே போகும் என்று 1943 ஆகஸ்ட் 15 அன்று கனடாவின் கியூபெக்கில் நடந்த மாநாட்டில் அவரிடம் சொன்னார். அந்த ஏமாற்றத்தை நெஞ்சில் சுமந்தபடியே புரூக் அன்று பிற்பகல் அமெரிக்கத் தளபதிகளோடு உட்கார்ந்து, இத்தாலியப் போர்முனைக்காக வாதாடினார். பீல்டு மார்ஷல் பதவி வந்தது அடுத்த ஜனவரியில்.