மீன் எண்ணவும் ஒரு படிப்பா?

கல்லாற்றிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். மருத்துவத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாவிட்டால் மீன்வளம் படிப்பேன் என்கிறாளாம். ‘தகப்பன் கடலில் பட்ட பாடு போதாதா? மீன் எண்ணவும் ஒரு படிப்பா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓம், எண்ணத்தான் படிப்பு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நாம் சொல்வோம். மீனிருப்பை, அதாவது கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதை, கணிக்கும் இந்த வேலை அதைத் திருப்பிப் போட்டது. அகப்பையில் வந்ததைப் பார்த்துச் சட்டியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல வேண்டும். கடல் என்கிற சட்டிக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. ஆகவே கரைக்கு வந்த மீனின் நீளத்தை அளக்கிறார்கள், வயிற்றைக் கீறிச் சினை பார்க்கிறார்கள், எத்தனை வலை, எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். பெரிய மீன்கள் வருடா வருடம் குறைந்து, ஒரு தரம்கூடச் சினை வைக்காத குஞ்சுகளே வலையில் நிறைந்தால், அந்த மீனிருப்புக்கு நலமில்லை என்று அர்த்தம்.

அகப்பை சில நேரம் பொய்யும் சொல்லும். சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் கூட்டமாகத் திரியும். மீன் பாதியாகக் குறைந்தாலும், கூட்டம் இருக்கும் இடத்தைப் பார்த்து வளைத்தால் கரைவலை முன்போலவே நிறையும். ‘மீன் இருக்குத்தானே’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீனுக்கு இதுதான் நடந்தது. எஞ்சிய மீன் ஒரே இடத்தில் திரண்டு கிடந்ததால், கப்பல்களுக்குக் கடைசிவரை நல்ல பிடிபாடு. கணித்தவர்களும் இருப்பைக் கூட்டியே சொன்னார்கள். 1992இல் மீன்பிடியையே தடை செய்ய வேண்டி வந்தது. 30,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஒரு கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. வாழைச்சேனையிலிருந்து போகும் பல நாள் படகுகள் தேடுகிற கெலவல்லா என்கிற மஞ்சள் துடுப்புச் சூரை, இந்து சமுத்திரம் முழுக்கத் திரிகிற மீன். இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2015இல் அது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது பல நாடுகளின் கரைகளிலும் கப்பல்களிலும் அளந்து எழுதிய எண்கள். நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978–80இல் நம் கடலுக்கு வந்தது, பிறகு 2018இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் கரையில் அளக்கிறவரை நம்பித்தான் கணக்கு.

பெண் பிள்ளை கடலுக்குப் போவாளோ என்று பயப்படுகிறீர்கள். சில நாள் போகலாம். மற்ற நாளெல்லாம் கணினிக்கு முன்னால்தான். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு: சாதாரண தரத்தில் கணிதம் எப்படிச் செய்தாள்? இது மீன் வாடை அடிக்கும் புள்ளிவிபரவியல், அம்மா. மீன் பிடிக்கும், கணக்குப் பிடிக்காது என்றால் மூன்றாம் வருடத்தில் அழுவாள்.

சரி, எங்கே படிப்பது? மாத்தறையில் ருகுணைப் பல்கலைக்கழகத்துக்கு மீன்பிடிக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்துக்குள் ஒரு துறை உண்டு. வீட்டுக்குக் கிட்ட என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, கூடவே புள்ளிவிபரப் பாடங்களை எடுக்கலாம். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கும் மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது. எந்த நிலையத்தில் பட்டம், எங்கே சான்றிதழ் மட்டும் என்று விசாரித்துவிட்டே விண்ணப்பியுங்கள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராகட்டும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இதற்கென்றே இருக்கும் நிறுவனம் 1981இல் சட்டம் மூலம் அமைந்த நாரா, அதாவது அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனம். கொழும்பில் காக்கைத்தீவில் இருக்கிறது. இடங்கள் குறைவு, வருடா வருடம் ஆள் எடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. கடற்றொழில் திணைக்களத்தில் பரிசோதகர் வேலை உண்டு, ஆனால் அது வேறு மாதிரி. முதுகலை முடித்தால் வெளிநாட்டு வாய்ப்புத் திறக்கும். எதுவும் சரிவராவிட்டாலும், தரவைக் கையாளத் தெரிந்தவளை வங்கியும் சுகாதார ஆய்வும் எடுக்கும்.

அவளிடம் ஒரு சொத்தும் இருக்கிறது. எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்தக் கண் வலையில் எது தப்பும் என்பது தகப்பனுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்த்தான் இதைப் படிக்க வேண்டும்.

முடிவு வரும்வரை ஒரு வேலை கொடுங்கள். கரைவலை இழுக்கும் ஒரு காலையில் அடிமட்டமும் கொப்பியும் எடுத்துப் போகட்டும். பொறுக்காமல், கைக்கு வந்தபடி 100 சூடை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் நடுவரை அளந்து எழுதட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூன்று தடவை. மூன்றாம் நாளும் அலுக்காமல் அளந்தாளா என்று தகப்பன் பார்க்கட்டும். பிறகு அந்தக் கொப்பியோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.