மூன்று கணினி, ஒரே கோட்: பாதி வேலையைக் கிட்டில் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: டெஸ்க்டாப், லேப்டாப், அலுவலகத்து லினக்ஸ் கணினி என மூன்றிலும் ஒரே புராஜெக்டில் வேலை செய்கிறேன். கிட் (கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) ரெப்போவை, அதாவது அந்த வரலாறு இருக்கும் புராஜெக்ட் ஃபோல்டரை, அப்படியே கிளவுட் ஒத்திசைவு ஃபோல்டரில் வைத்திருந்தேன். இப்போது 'ஆப்ஜெக்ட் காலியாக இருக்கிறது' என்று பிழை வருகிறது. இன்னும் முடிக்காத வேலையை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதலில் மூன்று கணினியிலும் அந்த ஒத்திசைவை நிறுத்துங்கள். கிட்டில் நீங்கள் பதிந்துவைக்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு கமிட். வேலையின் கிளையான பிராஞ்ச் என்பது பெரும்பாலும் 40 எழுத்துள்ள ஒரு கமிட் எண்ணைத் தாங்கிய சின்னக் கோப்புதான். ஒத்திசைவு மென்பொருள் அந்தக் கோப்பை முதலில் அனுப்பிவிட்டு, அது சுட்டும் ஆப்ஜெக்டை (கமிட்டின் தரவுக் கோப்பை) அனுப்புவதற்குள் நீங்கள் லேப்டாப்பை மூடினால், மறுபக்கத்தில் இருப்பது வராத கமிட்டைச் சுட்டும் பிராஞ்ச். எதையும் அழித்துவிடாதீர்கள். மூன்று பிரதியிலும் ரெப்போ பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் 'கிட் எஃப்எஸ்சிகே' (git fsck) ஓட்டிப் பாருங்கள். பிழையில்லாத பிரதிகளில் எதில் கடைசி வேலை இருக்கிறதோ, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒரு மையம் வேண்டும். ரெப்போ சேவை எதுவானாலும் சரி, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக எட்டக்கூடிய, எப்போதும் ஓடும் ஒரு சர்வரானாலும் சரி. சொந்த சர்வரென்றால் 'கிட் இனிட் --பேர்' கொடுத்து உருவாக்குங்கள். அதில் வரலாறு மட்டும் இருக்கும், வேலைக் கோப்புகள் இருக்காது. டெஸ்க்டாப்பிலிருந்து நேரே லேப்டாப்புக்குப் புஷ் செய்யலாமே (கமிட்களை அனுப்பலாமே) என்று தோன்றும். அங்கே திறந்திருக்கும் பிராஞ்சுக்குப் புஷ் செய்தால் கிட் இயல்பாகவே மறுக்கும். காரணம், பிராஞ்ச் மட்டும் முன்னால் நகரும், கோப்புகள் பழையபடியே நிற்கும். அந்த நிலையில் லேப்டாப்பில் கமிட் செய்தால், நீங்கள் அனுப்பிய வேலையை நீக்கும் கமிட்டாக அது பதிவாகும். அந்தத் தடையை அணைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் தனி எஸ்எஸ்எச் சாவி வையுங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும்.

இனி உங்கள் உண்மையான சிக்கல், பாதி வேலை. மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷ் இதற்கு ஆகாது. அது அந்தக் கணினியோடு நின்றுவிடும், சாதாரணப் புஷ்ஷில் போகாது. கமிட் என்றால் முடித்த வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். மெயின் என்ற முதன்மைப் பிராஞ்சில் இல்லாமல் தனி பிராஞ்சில் வேலை செய்யுங்கள். எழுந்திருக்கும் முன் எல்லா மாற்றத்தையும் சேர்க்கும் 'கிட் ஆட் -ஏ' (பெரிய A), 'பாதி வேலை' என்று ஒரு கமிட், பிறகு புஷ். அடுத்த கணினியில் உட்கார்ந்ததும் முதல் வேலை 'கிட் புல் --எஃப்எஃப்-ஒன்லி'. இரு பக்கமும் பிரிந்துபோகாமல் இருந்தால் மட்டும் இது மையத்தில் இருப்பதை எடுத்துவரும். கோட் ஓடாத நிலையில் இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கமிட்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று சிலர் 'கிட் ரீசெட் --சாஃப்ட்' கொடுத்துப் பிரித்து, திருத்தி, ஃபோர்ஸ் புஷ் (மையத்தில் இருப்பதை மேலெழுதும் புஷ்) செய்கிறார்கள். பல கணினி இருக்கும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றி எழுதிய வரலாறு மற்ற இரண்டு கணினியிலும் பொருந்தாமல் போகும். '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' பாதுகாப்பு என்பார்கள். உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் (மையத்தின் புதிய நிலையை எடுத்துக்கொண்டிருந்தால்) அந்தப் பாதுகாப்பும் பயனற்றுப்போகும். கமிட்களை அப்படியே விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் மெயினுக்கு வந்து 'கிட் மெர்ஜ் --ஸ்குவாஷ்' கொடுத்து ஒரே கமிட்டாகப் பதியுங்கள். அதன்பின் பழைய பிராஞ்சை நீக்க 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் சிறிய 'டி' (-d) போட்டால், மெர்ஜ் ஆகவில்லை (இணைக்கப்படவில்லை) என்று கிட் மறுக்கலாம். வேலை மெயினில் வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு பெரிய 'டி' (-D) போடுங்கள்.

புஷ் செய்ய மறந்து எழுந்து போவீர்கள், அது எல்லோருக்கும் நடப்பதுதான். டெஸ்க்டாப்பில் இரண்டு கமிட் தங்கிவிட்டது, லேப்டாப்பிலிருந்து மூன்று கமிட் மையத்துக்குப் போய்விட்டது என்று வையுங்கள். டெஸ்க்டாப்பில் எஃப்எஃப்-ஒன்லி நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். அப்போது 'கிட் புல் --ரீபேஸ்' கொடுத்தால், லேப்டாப்பின் மூன்றுக்கும் மேலே டெஸ்க்டாப்பின் இரண்டு வந்து உட்காரும். ஒரே வரி இரு பக்கமும் மாறி மோதல் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ரீபேஸில் 'அவர்ஸ்' என்பது மையத்திலிருந்து வந்தது, 'தேர்ஸ்' என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருப்பது. மெர்ஜுக்கு நேர் எதிர். இதைக் கவனிக்காமல் தங்கள் வேலையையே தூக்கி எறிந்தவர்கள் நிறைய. குழம்பினால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்' கொடுத்துக் கைவிடுங்கள். முடித்தபிறகு தவறு தெரிந்தால், பிராஞ்ச் நகர்ந்த தடத்தைக் காட்டும் 'கிட் ரெஃப்லாக்' பாருங்கள். எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் போன கமிட்டின் தடம் இயல்பு அமைப்பில் 30 நாள் அங்கே இருக்கும். கமிட் செய்யாத வேலைக்கு இந்தக் காப்பு கிடையாது.

மூன்றில் ஒன்று விண்டோஸ் என்றால், எதையும் தொடாமலே எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டலாம். வரி முடிவைக் குறிக்கும் எழுத்து விண்டோஸில் வேறாக இருப்பதால் வருவது அது. '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று ஒரு வரி போட்டு, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஓட்டி, ஒருமுறை கமிட் செய்யுங்கள். கடவுச்சொற்கள் இருக்கும் '.என்வ்' கோப்பை மட்டும் கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் '.கிட்இக்னோர்' பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு கணினியிலும் கையாலேயே வையுங்கள். ஒருமுறை புஷ் ஆகிவிட்டால் கோப்பை அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்திருந்தால் அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.