ட்ரோனும் தரைநிலையமும்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் பரந்தனில் றேடியோவும் ட்ரோனும் திருத்துபவர்)

கேள்வி: எங்கள் வயலைப் படம் பிடிக்க ஒரு ட்ரோன் வந்தது. கொண்டுவந்த தம்பி வரம்பில் லப்டொப்பை விரித்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், ரிமோட்டைத் தொடவேயில்லை. அது கோடு கோடாகப் போய்த் திரும்பியது. பட்டத்துக்கு நூல் மாதிரி இதையும் கீழேயிருந்து ஏதோ ஒன்று பிடித்திருக்கத்தானே வேண்டும்? அது அறுந்தால் என்ன ஆகும்?
– கமக்காரர் ஒருவர், அக்கராயன்

பதில்: ஐயா, நூல் என்று ஒன்றும் இல்லை. ட்ரோன் தன்னைத் தானே பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை இருக்கும். எந்தப் பக்கம் சரிகிறது என்று உணர்ந்து மோட்டர்களைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. ஆர்டுபைலட் என்ற மென்பொருள் இதைச் செக்கனுக்கு 400 தடவை செய்கிறது. லப்டொப்பிலிருந்து றேடியோ வழியாக அந்த வேகத்தில் சமநிலை பார்க்க முடியாது. இடையில் ஒரு பனங்கூடல் மறைத்தாலே செய்தி தடங்கும்.

அப்போ லப்டொப் எதற்கு? வழியைச் சொல்வதற்கும் நிலைமையைக் கேட்பதற்கும். தரைநிலையம் என்பது இதைத்தான். நீங்கள் பார்த்த கோடுகளெல்லாம் பறப்பதற்கு முன்பே போட்டவை. வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்ததும் லப்டொப் 'என்னிடம் இத்தனை புள்ளி இருக்கிறது' என்று சொல்லும். அதன்பிறகு கேட்பது ட்ரோன்தான். 'பூச்சியத்தைத் தா, ஒன்றைத் தா' என்று இலக்கம் சொல்லி ஒவ்வொன்றாக வாங்கும். ஒன்று வந்து சேராவிட்டால் அதையே திரும்பக் கேட்கும். முழுவதும் கிடைத்த பிறகுதான் 'சரி' என்று பதில் வரும். இந்தப் பேச்சுமுறைக்கு மாவ்லிங்க் என்று பெயர். 2009இல் சூரிச்சில் படித்துக்கொண்டிருந்த லோரன்ஸ் மையர் தொடங்கியது. அதில் அகலாங்கு, நெட்டாங்கைத் தசமம் இல்லாத முழு எண்ணாகத்தான் அனுப்புவார்கள். 9.3 பாகை 93000000 ஆகப் போகும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். சாதாரண ஜிபிஎஸ்ஸோ மீற்றர் கணக்கில் பிழைவிடும், அது வேறு கதை.

பறக்கத் தொடங்கியபின் இரண்டு பக்கமும் செக்கனுக்கு ஒருதரம் 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். தரையிலிருந்து அது வராமல் நின்றால், அந்தப் பாதுகாப்பு அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், வழக்கமாக 5 செக்கன் பார்த்துவிட்டு ட்ரோன் தானே முடிவெடுக்கும். வேலையைத் தொடர்வதா, வீடு திரும்புவதா, நின்ற இடத்திலேயே இறங்குவதா என்பது முன்கூட்டியே நாங்கள் சொல்லிவைத்ததைப் பொறுத்தது. தம்பியின் ரிமோட்டுக்குத் தனி இணைப்பு. ஒரு சுவிட்சைத் தட்டினால் ட்ரோன் அவர் கைக்கு வந்துவிடும். அதனால் வெற்றிலை போடட்டும், ரிமோட் மட்டும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வன்னியில் கவனிக்கவேண்டியது அந்த 'வீடு திரும்புதல்'தான். முதலில் ஒரு குறித்த உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வரும். கொப்டர் வகை ட்ரோன்களுக்கு ஆர்டுபைலட்டில் அந்த உயரம் 15 மீற்றர் என்று போட்டே வரும். எங்கள் பனைகள் அதைவிட எவ்வளவு உயரம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பனை நிற்கும் பக்கம் என்றால் நான் 40க்குக் குறைத்து வைப்பதில்லை. வீடு என்பதும் மோட்டரை இயங்க வைத்த இடம்தான். மோட்டார்சைக்கிளில் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விட்டு உங்களைத் தேடி வரும் என்று காத்திருந்தால் வராது. உயரத்தையும் புறப்பட்ட இடத்திலிருந்தே அளக்கும். குளக்கட்டில் ஏற்றி வயலில் இறக்கினால் திரையில் மைனஸ் 6 என்று காட்டும். பழுது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று. பலர் அன்ரெனாவின் நுனியைத் துவக்கு நீட்டுவதுபோல ட்ரோனை நோக்கிப் பிடிக்கிறார்கள். கோல் அன்ரெனாவில் நுனித் திசைக்குத்தான் அலை மிகக் குறைவாகப் போகும். தூரப் பறக்கும்போது நிமிர்த்திப் பிடியுங்கள்.

கேள்வி: ட்ரோன் சத்தம் கேட்டாலே அம்மம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறா. சொல்லியும் கேட்கிறா இல்லை. யாரும் நினைத்தபடி பறக்கவிடலாமா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: முடியாது தங்கச்சி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பை நிறுத்தியும் வைத்தார்கள். பறக்கவிட வருபவரிடம் அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. அம்மம்மாவை வற்புறுத்தாதீர்கள். போர்க்காலத்தில் 'வண்டு' என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் மேலே சுற்றியபோது பதுங்குகுழிக்குள் இருந்த சனம் இது. பறக்கவிடுபவர்தான் முதல்நாள் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரவேண்டும். நான் கமக்காரர் அமைப்பு மூலம் சொல்லாமல் ஏற்றுவதில்லை.

கேள்வி: ட்ரோன் வாங்கக் காசில்லை. தரைநிலையத்தை மட்டும் பழக முடியுமா?
– ஏ.எல். மாணவன், முள்ளியவளை

பதில்: தாராளமாக. கியூகிரவுண்ட்கொன்ட்ரோல் என்ற தரைநிலைய மென்பொருள் இலவசம், அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். ஆர்டுபைலட்டில் கணினிக்குள்ளேயே பறக்கும் பொய் ட்ரோன் ஒன்று இருக்கிறது. தரைநிலையத்துக்கு அதுவும் நிஜமும் ஒன்றுதான். அதே செய்திகள், அதே புள்ளிகள். திறந்தவுடன் அவுஸ்திரேலியாவில் கன்பராப் பக்கம் நிற்கும், பயப்படாதே. தொடங்கும் இடத்தை மாற்றிக் கொடுத்தால் உங்கள் ஊருக்கு மேலேயே பறக்கும். இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, அது என்ன செய்கிறது என்று முதலில் பார்.